ஒரு சாண் ஒயர்

திரும்பி வந்த பதினோராவது பெட்டியைப் பட்டறை முதலாளி பாண்டியராஜன் அண்ணன் திங்கட்கிழமை டீ நேரத்தில் திறந்தார். தனியாகத் திறந்திருந்தால் அவர் சொன்னது என் காதோடு போயிருக்கும். டீ நேரம் என்பதால் பட்டறையில் இருந்த அத்தனை பேரும் கையில் கிளாஸோடு மேசையைச் சுற்றி நின்றிருந்தோம்.

கோச்சடையில், மேலக்கால் ரோட்டிலிருந்து உள்ளே தள்ளி ஒரு மாடி வீட்டின் கீழ்த்தளம்தான் எங்கள் பட்டறை. சோலார் பம்புகளுக்கான கட்டுப்பாட்டுப் பெட்டி செய்கிறோம். வயலில் நிற்கும் பலகைகளிலிருந்து வருகிற மின்சாரத்தை வாங்கி, கிணற்று மோட்டாருக்கு ஏற்றபடி துண்டு துண்டாக நறுக்கிக் கொடுப்பது அந்தப் பெட்டியின் வேலை. நறுக்குவதற்கு உள்ளே ஆறு ட்ரான்சிஸ்டர்கள் இருக்கின்றன. வினாடிக்குப் பல்லாயிரம் தடவை அவை திறந்து மூடும். திரும்பி வந்த பதினொரு பெட்டிகளிலும் இந்த ஆறில் ஒன்றோ இரண்டோ வெடித்திருந்தன.

பெட்டியை வடிவமைத்தவன் நான். பொடி உறுப்புகள் எல்லாம் வெளியிலிருந்தே போர்டில் பதிந்து வந்துவிடும். ட்ரான்சிஸ்டர்களின் கம்பிக் கால்களையும் ஒயர்களையும் முத்துத்தாய் அக்கா கையால் ஈயம் வைத்துப் பற்றவைப்பார். பெட்டிக்கு ஐம்பத்தாறு இடம். பதினோரு வருஷமாக அதுதான் அவர் வேலை.

அண்ணன் பூதக்கண்ணாடியை வெடித்த இடத்தின் மேல் பிடித்துக்கொண்டு வெகுநேரம் பார்த்தார்.

"எல்லாம் விடியக்காலையிலதான் வெடிக்குது. ராத்திரிக் குளுர்ச்சியில ஈயம் சுருங்கி கால் விட்டுப்போகுது. காலையில கரண்ட் வந்ததும் பொறி அடிச்சு வெடிச்சுருது. ஈயம் ஒழுங்கா வைக்கலை. அம்புட்டுதான் விஷயம்."

"என் ஈயம் விடாதுண்ணே" என்றார் அக்கா.

"விட்டுருக்குல்ல. பதினொண்ணு திரும்பி வந்திருக்குல்ல."

பெட்டிகளைச் சோதிக்கும் பாண்டிமீனா சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றாள். அக்கா டீயைக் குடித்து முடித்து, கிளாஸைக் கழுவி வைத்துவிட்டுத் தன் மேசைக்குப் போனார்.

அன்று மத்தியானமே அண்ணன் என்னை உள்ளே கூப்பிட்டுச் சொன்னார். கோயம்புத்தூரில் எந்திரத்தில் ஈயம் வைத்துக் கொடுக்கும் கம்பெனி ஒன்றோடு பேசிவிட்டார். அவர்கள் ஆள் அடுத்த திங்கட்கிழமை வருகிறார். முத்துத்தாய்க்கு வெள்ளிக்கிழமை வரைதான் வேலை. பேரையூர்ப் பக்கத்து விவசாயிகள் சங்கம் ஒன்றுதான் நாற்பத்தேழு பெட்டிகள் வாங்கியிருந்தது. பெட்டி ஏன் வெடிக்கிறது என்று எழுத்தில் கொடுங்கள், இல்லாவிட்டால் எல்லாவற்றையும் கழற்றி அனுப்பிவிடுகிறோம் என்று சொல்லியிருந்தார்கள். அந்த அறிக்கையை வெள்ளிக்கிழமைக்குள் நான் எழுத வேண்டும்.

"ஈயக் கோளாறு, இனிமே மிஷின்ல வைக்கிறோம்னு எழுதிரு பீமா. நம்புவாங்க."

சரி என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. எனக்கு அது பழக்கம். பேசாமல் இருந்தால் எதிரில் இருப்பவர் தனக்குச் சாதகமாக எடுத்துக்கொள்வார் என்பது தெரிந்தும் பேசாமல் இருப்பேன்.

*

புதன்கிழமை பேரையூரிலிருந்து இன்னொரு பெட்டி வெடித்ததாகப் போன் வந்தது. அண்ணன் காரிலேயே இருவரும் போனோம். சின்னச்சாமி என்பவர் தோட்டம். மக்காச்சோளம் முழங்கால் உயரம் நின்றது. அவர் கிணற்று மேட்டில் துண்டை விரித்து உட்கார்ந்திருந்தார்.

"வாங்க மாப்ள" என்றார் அண்ணனைப் பார்த்து. "பெட்டியைப் பாக்க வந்தீகளா, அது செத்ததுக்குத் துட்டி கேக்க வந்தீகளா?"

அண்ணன் சிரிக்க முயன்றார். நான் பெட்டியின் மூடியைக் கழற்றினேன்.

"எத்தனை மணிக்கு வெடிச்சுச்சு?"

"ஏழு, ஏழே காலு. வெயிலு ஏறி மோட்டாரு எடுத்த ஒடனே. மத்தியானம் பூரா பதவிசா ஓடுது தம்பி. காலையிலதான் உசுரை விடுது."

பலகையில் கை வைத்துப் பார்த்தேன். அப்போதே சுட்டது. காலையில் அது சில்லென்று இருக்கும். பலகை குளிர்ந்திருக்கும்போது அதிலிருந்து வரும் வோல்டேஜ் கூடும் என்பது எனக்குத் தெரியும். அதைக் கணக்கில் எடுத்துத்தான் வடிவமைத்திருந்தேன். மத்தியானம் முந்நூறு என்றால் காலையில் முந்நூற்று எண்பது வரும். ட்ரான்சிஸ்டர் அறுநூற்றைம்பது வரை தாங்கும். இடைவெளி தாராளம். அதனால்தான் ஈயம் என்று அண்ணன் சொன்னபோது என்னால் மறுத்துப் பேச முடியவில்லை. எனக்கு வேறு காரணம் தெரியவில்லை.

போர்டை வெளியே இழுத்து மடியில் வைத்துக்கொண்டு, பையிலிருந்த பூதக்கண்ணாடியால் ஒவ்வொரு இடமாகப் பார்த்தேன். ஈயம் ஒவ்வொன்றும் காலைச் சுற்றிப் பளபளவென்று, சின்னக் கூம்பாக ஏறி நின்றது. விரிசல் இல்லை. நகத்தால் அழுத்தினேன். அசைவு இல்லை.

வெடித்த ட்ரான்சிஸ்டரை எடுத்துவிட்டுப் புதிதாக ஒன்று வைத்தேன். மோட்டார் ஓடியது.

"காலையில ஒம்பது மணிக்கு மேல போடுங்கண்ணே" என்றேன் சின்னச்சாமியிடம்.

"மோட்டாருக்கும் ஆபீஸ் டைமா?" என்றார் அவர். "சரி, மத்தியானச் சாப்பாட்டுக்கும் அரை மணி நேரம் விட்டுருவோம்."

திரும்பும்போது கல்லுப்பட்டி தாண்டியதும் அண்ணன் தானாகவே ஆரம்பித்தார்.

"நீ நினைக்கிறது தெரியுது. பதினோரு வருசமா இருக்கா. எனக்கு மட்டும் சந்தோசமா? ஆனா இந்தச் சங்கம் கையை விட்டுருச்சுன்னா பட்டறையே கிடையாது. அப்புறம் அவளுக்கு ஏது வேலை, உனக்கு ஏது வேலை?"

"ஈயம் நல்லாத்தான் இருக்குண்ணே, இந்தப் பெட்டியில."

"பின்ன எதுனால வெடிக்குது, சொல்லு."

திருமங்கலம் வரை யோசித்தேன். அவரும் பதிலுக்காகக் காத்திருந்தார் என்றுதான் நினைக்கிறேன். பாட்டுக்கூடப் போடவில்லை.

*

வியாழக்கிழமை காலை, வெடித்த பெட்டிகளில் ஒன்றைச் சரி செய்து, மேசையில் வைத்து, முந்நூற்று எண்பது வோல்ட் கொடுத்தேன். ட்ரான்சிஸ்டரின் காலில் ஸ்கோப்பின் தொடுமுனையான ப்ரோப்பை வைத்தேன். மின்சாரம் ஒவ்வொரு கணமும் எப்படி ஏறி இறங்குகிறது என்பதைத் திரையில் கோடாக வரைந்து காட்டும் கருவி அது.

ட்ரான்சிஸ்டர் மூடியதும் கோடு முந்நூற்று எண்பதில் போய் நேராக நிற்க வேண்டும். நிற்கவில்லை. அதைத் தாண்டி எகிறி, கீழே விழுந்து, மறுபடி எகிறி, ஏழெட்டு தடவை ஆடித்தான் அடங்கியது. முதல் எகிறலின் உச்சி அறுநூற்று எழுபது.

அந்தப் படத்தை நான் முன்பே பார்த்திருக்கிறேன் என்று உடனே ஞாபகம் வந்தது. அலமாரியிலிருந்து நோட்டை எடுத்துப் புரட்டினேன். பிப்ரவரி மாதப் பக்கத்தில், என் கையெழுத்தில், அக்கா கட்டிய முதல் பெட்டியில் கண்ட இதே ஆட்டத்தைப் பென்சிலால் வரைந்து, பக்கத்தில் எழுதியிருந்தேன்: 'ப்ரோப் எர்த் ஒயரால் வருவது. நிஜமில்லை.'

ப்ரோப்போடு ஒரு எர்த் ஒயர் வரும். நுனியில் கவ்வி இருக்கும். அந்த ஒயரின் நீளத்தாலேயே திரையில் பொய்யான ஆட்டம் தெரிவது உண்டு. கொஞ்சம் படித்த எவனுக்கும் அது தெரியும். ஒன்றும் தெரியாதவனாக இருந்திருந்தால் அன்று பயந்து போய் யாரையாவது கேட்டிருப்பேன். தெரிந்ததால் ஒரு வரி எழுதிவிட்டு நோட்டை மூடிவிட்டேன்.

இப்போது அந்தக் கவ்வியைக் கழற்றினேன். வெறும் கம்பி ஒன்றை ப்ரோப்பின் கழுத்தில் சுருளாகச் சுற்றி, நுனியை அரை அங்குலத்துக்கு நீட்டி, அதையே எர்த்தாகத் தொட வைத்தேன். பொய் ஆட்டம் என்றால் இதில் மறைந்துவிட வேண்டும்.

உச்சி அறுநூற்று நாற்பதுக்கு வந்தது. ஆட்டம் அப்படியே இருந்தது.

முப்பது வோல்ட்தான் பொய். மிச்சமெல்லாம் நிஜம். பிப்ரவரியிலிருந்து நிஜம். காலை நேரத்தில் மோட்டார் இழுவை கொஞ்சம் கூடினால் அது அறுநூற்றைம்பதைத் தாண்டும். தாண்டினால் வெடிக்கும்.

ஆனால் ஒன்று புரியவில்லை. ஜனவரியில் நான் என் கையால் கட்டிய மாதிரிப் பெட்டி இன்னும் மேசைக்கு அடியில் இருந்தது. அதே போர்டு, அதே ட்ரான்சிஸ்டர். அதை எடுத்து வைத்துப் பார்த்தேன். உச்சி நானூற்று அறுபதைத் தாண்டவில்லை. இரண்டு பெட்டிகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துவிட்டு உட்கார்ந்திருந்தேன். எவ்வளவு நேரம் என்று தெரியவில்லை.

"ரெண்டுல எது என்னோடது?"

அக்கா பின்னால் நின்றிருந்தார். வெள்ளிக்கிழமை வரைதான் வேலை என்று அண்ணன் திங்கட்கிழமையே அவரிடமும் சொல்லிவிட்டார், அதிலிருந்து புதுப் போர்டு எதுவும் கொடுக்கவில்லை. மூன்று நாளாக மேசையைத் துடைத்து, ஈயச் சுருள்களை அடுக்கி, மறுபடி கலைத்து அடுக்கிக்கொண்டிருந்தார்.

"இதுதாங்க்கா." திரையில் மாற்றி மாற்றிக் காட்டினேன்.

கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்தார். "என்னோடது தளும்புது. உங்களோடது சட்டுனு நின்னுருது."

நிறைகுடத்தைத் தரையில் வைத்ததும் தண்ணீர் அலம்பி அடங்குமே, அப்படித்தான் இருந்தது அந்தக் கோடு. எனக்கு அந்தச் சொல் தோன்றியிருக்கவில்லை.

"ஏன் அப்படி?"

"அதான் தெரியலை. எல்லாம் ஒண்ணுதான்."

"எங்கே ஒண்ணு?" அக்கா குனிந்து இரண்டு பெட்டிகளுக்குள்ளும் விரலை நுழைத்தார். "நீங்க ஒயரை ஒட்டக் கட்டியிருக்கீங்க. நான் ஒரு சாண் விட்டு மடிச்சுக் கட்டியிருக்கேன்."

ஆமாம். மின்சாரத்தைத் தேக்கி வைக்கும் போர்டிலிருந்து ட்ரான்சிஸ்டர் போர்டுக்குப் போகும் இரண்டு ஒயர்கள். என் பெட்டியில் அவை இரண்டு விரல் நீளம். அவர் பெட்டியில் ஒரு சாண் நீளம், வளையமாக மடித்து, நூலால் அழகாகக் கட்டப்பட்டிருந்தது. எல்லாப் பெட்டிகளிலும் அப்படித்தான் இருக்கும். நேற்று சின்னச்சாமி தோட்டத்தில் போர்டை இழுத்து மடியில் வைத்துக்கொள்ள முடிந்ததே அதனால்தான்.

"ஏங்க்கா இம்புட்டு நீளம் விட்டீங்க?"

அக்கா என்னை நிமிர்ந்து பார்த்தார். கோபம் எதுவும் இல்லை. நான் விளையாடுகிறேனா என்று பார்ப்பது போல இருந்தது.

"நீங்கதான தம்பி விடச் சொன்னீங்க."

அக்கா என் வலது கை விரலைக் காட்டினார்.

"நாலு வருசம் இருக்கும். உசிலம்பட்டிப் பக்கம் மழையில போயிட்டு, கையைச் சுட்டுக்கிட்டு வந்தீங்கல்ல. ஒயரு எட்டலை, போர்டை வெளிய எடுக்க முடியலை, பெட்டிக்குள்ளயே கையை விட்டு ஈயம் வச்சேன்னு சொன்னீங்க. 'அக்கா, ஒரு சாண் கூட விட்டுக் கட்டுங்க, ரிப்பேருக்குப் போறவன் பொழைச்சுக்குவான்'னீங்க. அன்னையிலருந்து விடுறேன்."

சொல்லியிருந்தேன். வலது கைச் சுட்டுவிரலில் களிம்பு தடவிக்கொண்டு, அவர் மேசைக்கு எதிரில் நின்று சொன்னது இப்போது முழுதாக ஞாபகம் வந்தது. அன்று இருந்த ட்ரான்சிஸ்டர்கள் மெதுவாக மூடுகிறவை. ஒரு சாண் ஒயர் அவற்றை ஒன்றும் செய்யவில்லை. இந்த ஜனவரியில் பெட்டிக்குள் காற்றடிக்கும் விசிறி வேண்டாம், தூசி அடைக்கிறது என்று அண்ணன் சொன்னதால், சூடாகாத, வேகமாக மூடுகிற ட்ரான்சிஸ்டருக்கு மாறினேன். ஓடிக்கொண்டிருக்கும் மின்சாரத்தைச் சட்டென்று நிறுத்தினால், ஒயர் நீளமாக இருக்க இருக்க அது நிற்காமல் வந்த வேகத்தில் முட்டும். முட்டுவதுதான் அந்த எகிறல். முதல் வருஷப் பாடம். மாதிரிப் பெட்டியை மேசையிலேயே வைத்துப் பார்க்கப் போகிறேன் என்று ஒயரை ஒட்டக் கட்டினேன். அக்கா மேசையில் ஒயர் எப்படிப் போகிறது என்று எழுந்து போய்ப் பார்க்கவில்லை. பத்தடி தூரம்.

"எம்புட்டு நீளம் வைக்கணும்?" என்று கேட்டார் அக்கா. கையில் கட்டிங் பிளையரை எடுத்துவிட்டிருந்தார்.

நான்கு விரலை நீட்டிக் காட்டினேன். நூலை அவிழ்த்து, அந்த அளவுக்கு வெட்டினார். வெட்டிய இரண்டு ஒயர்களையும் ஒன்றோடொன்று முறுக்கச் சொன்னேன். போவதும் வருவதும் ஒட்டி இருந்தால் முட்டல் இன்னும் குறையும். முறுக்கி ஈயம் வைத்தார். உச்சி ஐந்நூறுக்கு இறங்கியது. ஆட்டம் மிச்சம் இருந்தது.

மிச்சத்தை அடக்க வேறொன்று தேவை. ட்ரான்சிஸ்டருக்குக் குறுக்கே ஒரு கெப்பாசிட்டரும் ஒரு ரெசிஸ்டரும் சேர்த்து வைப்பார்கள். ஸ்னப்பர் என்று பெயர். ஆடுகிற மின்சாரத்தைக் கொஞ்சம் தன் பக்கம் இழுத்துச் சூடாக்கித் தீர்த்துவிடும். எவ்வளவு பெரிய கெப்பாசிட்டர் என்பதைக் கண்டுபிடிக்க, சின்னதாக ஒவ்வொன்றாக வைத்துக்கொண்டே போக வேண்டும், ஆட்டத்தின் வேகம் பாதியாகும் வரை. அதிலிருந்து மிச்சக் கணக்கைப் போடலாம். அக்கா வைத்தார், நான் திரையைப் பார்த்தேன்.

"போதுமா?"

"இன்னொண்ணுக்கா."

"இப்ப?"

"இன்னும் ஒண்ணு."

"பாத்து, பெட்டியில எடம் இல்லாமப் போயிரும்" என்றார்.

மத்தியானச் சாப்பாட்டுக்குக்கூட எழவில்லை. மூன்று மணிக்குக் கோடு முந்நூற்று எண்பதைத் தாண்டி நானூற்று முப்பதில் ஒரு தடவை தலை காட்டிவிட்டு அடங்கியது. பாண்டிமீனா வந்து பார்த்துவிட்டு, "தூங்கிருச்சு" என்றாள்.

"அப்ப என் ஈயம் இல்லை" என்றார் அக்கா.

"இல்லைக்கா."

அதற்கு மேல் அவர் எதுவும் கேட்கவில்லை. நான் என்ன எழுதப் போகிறேன் என்று கேட்பார் என்று எதிர்பார்த்தேன். கேட்டிருந்தால் எனக்கு எளிதாக இருந்திருக்கும். பையை எடுத்துக்கொண்டு துவரிமான் பஸ்ஸுக்குக் கிளம்பினார். வாசலில் செருப்பை மாட்டும்போது மட்டும் சொன்னார்: "எம்மக பவதாரிணிகிட்ட இன்னும் சொல்லலை தம்பி. காலேஜ்ல எலக்ட்ரிகல்தான் எடுப்பேன்னு என்னைப் பாத்துதான் எடுத்தா. ஈயம் சரியா வைக்கலைன்னு நிறுத்திட்டாங்கன்னு எப்படிச் சொல்றது."

*

சாயங்காலம் அறிக்கையை எழுத உட்கார்ந்தேன். ஆங்கிலத்தில்தான் எழுதுவோம். முதலில் வந்த வரி இது: 'தயாரிப்பின்போது ஒயரின் நீளம் அளவுக்கு அதிகமாக விடப்பட்டதால் வோல்டேஜ் எகிறல் ஏற்பட்டது.'

அதைப் பலமுறை படித்தேன். ஒரு சொல்லும் பொய்யில்லை. சங்கத்துக்குப் போதும், அண்ணனுக்கும் போதும். கோயம்புத்தூர்க்காரரும் வருவார். ஒயரை விட்டது யார் என்று யாரும் கேட்கப் போவதில்லை, அது எல்லாருக்கும் தெரியும். விடச் சொன்னது யார் என்றும் யாரும் கேட்கப் போவதில்லை. அது இருவருக்குத்தான் தெரியும். அதில் ஒருவர் வெள்ளிக்கிழமையோடு போய்விடுவார். போனாலும் அதை யாரிடமும் சொல்ல மாட்டார் என்பது எனக்கு ஏனோ உறுதியாகத் தெரிந்தது. அந்த உறுதிதான் என்னை அதிகம் தொந்தரவு செய்தது.

எங்கள் தெருவில் பொறியியல் படித்த முதல் ஆள் நான். என் பேரைச் சொல்லி அண்ணன் நாலு பேரிடம் பெருமைப்படுவார். 'நம்ம பீமா போட்ட டிசைன்.' இதெல்லாமும் அந்த வரிக்கு ஆதரவாக வந்து உட்கார்ந்துகொண்டது. கொஞ்ச நேரம் உட்காரட்டும் என்று விட்டேன். பிறகு அந்த வரியை அடித்துவிட்டு வேறு எழுதினேன். ட்ரான்சிஸ்டரை மாற்றியபோது ஒயர் அமைப்பைச் சரிபார்க்காதது, பிப்ரவரியில் எகிறலைப் பார்த்தும் தள்ளிவிட்டது, இரண்டும் வடிவமைப்பாளரின் தவறு. கீழே பெயர், கையெழுத்து.

காலையில் அண்ணன் படித்தார். இரண்டாம் தடவையும் படித்தார்.

"நான் விசிறி வேணாம்னு சொன்னதாலதான மாத்துன?"

"ஆமாண்ணே. ஆனா ஒயரைப் பாக்காம விட்டது நான்."

"இதை இப்படியே அனுப்பணுமா?"

"ஆமா."

ஜன்னல் வழியாக வெளியே பார்த்துக்கொண்டிருந்தார். கோபப்படுவார் என்று நினைத்தேன். சோர்ந்து போனவர் போலத்தான் இருந்தார்.

"சரி, உன் தப்புன்னே இருக்கட்டும். அதுக்காக முத்துத்தாய் ஈயம் நல்லா வச்சான்னு ஆயிருமா? ரெண்டு கோளாறும் இருக்கலாம்ல. கோயம்புத்தூருக்குச் சொன்னது சொன்னதுதான். அவர் வரட்டும்."

அறிக்கையை எடுத்துக்கொண்டு அக்காவிடம் போனேன். அவர் மேசையில் அவருடைய சாமான்கள் ஒரு மஞ்சள் பைக்குள் ஏற்கெனவே போயிருந்தன.

"எழுதிட்டேங்க்கா. என் தப்புன்னுதான் எழுதியிருக்கேன்."

வாங்கிப் பார்த்தார். ஆங்கில எழுத்துகளின் மேல் விரல் மெதுவாக நகர்ந்தது. முதல் பக்கம் முடித்து இரண்டாம் பக்கத்துக்குப் போனார். முழுதாகப் படிக்க மாட்டார் என்பது எனக்குத் தெரியும். எதையோ தேடிக்கொண்டிருந்தார்.

"சோல்டர்ங்கிற எழுத்து மட்டும் எனக்கு நல்லாத் தெரியும் தம்பி. தெனம் ஈயச் சுருள்ல பாக்குறேன். இதுல எங்கயுமே இல்லையே."

"இல்லைக்கா. அது காரணமில்லைன்னுதான் எழுதலை."

"எழுதலைன்னா எப்படித் தெரியும்?"

அக்கா தாள்களை மேசை மேல் வைத்தார்.

"குத்தம்னு எல்லாரும் நிக்கும்போது சொன்னாரு. இல்லைங்கிறதை எழுதாம விட்டுட்டா என்ன அர்த்தம்? உங்களைப் பத்தியே ரெண்டு பக்கம் எழுதியிருக்கீங்க. என் ஈயம் நல்லா இருந்துச்சுன்னு ஒரு வரி எழுதுங்க. தமிழ்ல எழுதுங்க, நான் படிக்கிற மாதிரி."

முகத்தில் அடித்தது போல இருந்தது. நேற்றிரவு முழுக்க நான் அவருக்காக எழுதுவதாகத்தான் நினைத்திருந்தேன். பேனாவை எடுத்து அவர் மேசையிலேயே எழுதினேன்: 'திரும்பி வந்த பதினொரு பெட்டிகளிலும் கையால் வைத்த ஈயத்தில் குறை எதுவும் இல்லை.'

அக்கா படித்தார். "பதினொண்ணையும் பாத்தீங்களா?"

"நாலு பாத்தேன். எல்லாம் அப்படித்தானே இருக்கும்."

"அப்ப நாலுன்னு எழுதுங்க. இல்லாட்டி மிச்சத்தையும் பாருங்க."

பதினொரு பெட்டிகளையும் எடுத்து வந்து வரிசையாக வைத்தோம். விளக்குள்ள பூதக்கண்ணாடியை நடுவில் இழுத்துக்கொண்டு, முதல் பெட்டியிலிருந்து ஒவ்வொரு இடமாகப் பார்த்தோம். வெடித்த இடங்களில் படிந்திருந்த கரியைத் துடைத்துவிட்டுப் பார்த்தோம். நான் பார்த்துச் சரி என்று சொன்ன பிறகு அவர் ஒரு தடவை பார்ப்பார். பாண்டிமீனா ஒரு தாளில் கோடு போட்டு எண்ணிக்கொண்டு வந்தாள். பேச்சு குறைந்துகொண்டே வந்து, நான்காவது பெட்டிக்கு அப்புறம் நின்றுவிட்டது. இரண்டு மணி நேரம் ஒரே சத்தம்தான்: "சரி." "சரி." "சரி."

ஒன்பதாவது பெட்டியில் நான் சரி என்று சொல்லிவிட்டு அடுத்த இடத்துக்கு நகர்ந்தேன்.

"நில்லுங்க" என்றார் அக்கா. "இது சரியில்லை."

மோட்டார் ஒயர் வந்து சேரும் இடத்தில் ஒரு கால். அதைச் சுற்றியிருந்த ஈயம் மற்றவை போலப் பளபளக்காமல் கொஞ்சம் மங்கலாக இருந்தது. அழுத்திப் பார்த்தேன். அசையவில்லை.

"இது ஒண்ணும் பண்ணாதுக்கா. பிடிச்சுத்தான் இருக்கு."

"பிடிச்சிருக்கு. ஆனா மங்கல். அன்னைக்குக் கரண்ட் வந்து வந்து போயிருக்கும், சூடு பத்தியிருக்காது. என் கண்ணுல பட்டிருக்கணும், படலை. எழுதுங்க."

"வேணாம்க்கா" என்றாள் பாண்டிமீனா. "ஏற்கெனவே அண்ணன் வாய்க்கு அவல் தேடிக்கிட்டு இருக்காரு."

"எழுதச் சொல்லு தம்பியை."

அடித்துவிட்டுத் திரும்ப எழுதினேன். 'பதினொரு பெட்டிகள், அறுநூற்றுப் பதினாறு இடங்கள் பார்க்கப்பட்டன. ஒன்பதாவது பெட்டியில் ஒரு இடத்தில் ஈயம் மங்கல். பிடிப்பு உண்டு, வெடிப்புக்குக் காரணம் அது இல்லை. மற்ற அறுநூற்றுப் பதினைந்திலும் குறை இல்லை.' அக்கா உரக்கப் படித்துப் பார்த்து, கீழே தன் கையெழுத்தையும் போட்டார்.

அண்ணன் அந்தப் பக்கத்தை நின்றுகொண்டே படித்தார்.

"இந்த ஒண்ணை எதுக்கு எழுதுன?"

"அக்கா எழுதச் சொன்னாங்க. நான் சரின்னு விட்டுட்டுப் போயிட்டேன். அவங்கதான் நிறுத்துனாங்க."

நாற்காலியில் உட்கார்ந்து மறுபடி படித்தார். வெளியே அக்கா பெட்டிகளின் மூடிகளை ஒவ்வொன்றாகப் போட்டு மூடும் சத்தம் கேட்டது.

"ஒண்ணும் இல்லைன்னு எழுதியிருந்தா, அவளுக்காக நீ எழுதுனன்னு நெனைச்சிருப்பேன் பீமா" என்றார். அந்தப் பக்கத்தைக் கையில் எடுத்துக்கொண்டு வெளியே போனார். நானும் பின்னால் போனேன்.

"முத்துத்தாயி."

அக்கா திரும்பினார்.

"அந்தக் கோயம்புத்தூர்க்காரரை வர வேணாம்னு சொல்லிடுறேன். நாப்பத்தேழு பெட்டியிலயும் ஒயரை மாத்தணுமாம். நீதான் பீமாகூடப் போயி செய்யணும்."

அக்கா ஒரு மூடியின் திருகை இறுக்கி முடித்தார்.

"சொல்லிடுறேன்னா எப்பண்ணே? இங்கனயே சொல்லுங்க. அன்னைக்கு எல்லாரும் கேட்டோம்ல, இதையும் கேட்டுக்குறோம்."

பாண்டிமீனா சட்டென்று குனிந்து கீழே எதையோ தேடினாள். அண்ணன் முகம் சிவந்தது. என்னைப் பார்த்தார். நான் உதவிக்குப் போகவில்லை. சட்டைப் பையிலிருந்து போனை எடுத்து, எண்ணைத் தேடி, காதில் வைத்துக்கொண்டார். மறுமுனையில் எடுக்க நேரமாயிற்று. அது வரை ஒருவரும் அசையவில்லை.

"வணக்கம் சார், மதுரை பாண்டியராஜன் பேசுறேன். ஆமா, திங்கக்கிழமை விஷயமாத்தான். இல்ல சார், வர வேணாம்." கொஞ்சம் நிறுத்தினார். "கோளாறு ஈயத்துல இல்ல. நான்தான் தப்பாச் சொல்லிட்டேன்."

அக்கா மஞ்சள் பையைத் திறந்து, கட்டிங் பிளையரை எடுத்து மேசை மேல் வைத்தார்.